வெப்பநாட்டிற் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்: தெரிவும் துலக்கலும்

ஒளிப்படக் கலை பற்றிய நூல்களிற் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுந்தவை. கறுப்பு வெள்ளைப் படச்சுருளைத் துலக்கும் கரைசல் 20 பாகை செல்சியசில் இருத்தல் வேண்டுமென அவை ஒரே குரலிற் கூறும். அந்நாடுகளில் அவ்வெப்பநிலையை எய்துவதற்கு நீரைச் சிறிது சூடாக்குதல் போதும். கல்முனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், பொத்துவில் என நீண்டு செல்லும் கிழக்குக் கரையோரத்திலோ நிலைமை இதற்கு நேர்மாறானது. மணற்றரையில் வெட்டிய கிணற்றின் நீர் விடியற்காலையிலும் 27, 28 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. எட்டுப் பாகை வேறுபாடு பெரிதன்று எனச் சிலர் கருதக்கூடும். ஆயினும், படத்தைத் தாங்கி நிற்கும் செலற்றின் என்னும் பசைப்பொருள் விலங்கின் எலும்பிலும் தோலிலுமிருந்து பெறப்படுவது என்பதையும், அது வெந்நீரிற் கரைந்துபோகும் இயல்பினது என்பதையும் நினைவிற் கொண்டால், அவ்வெட்டுப் பாகையின் வலிமை புலனாகும்.

மக்கள் வழக்கில் இத்தொழில் முழுவதற்கும் ‘பிலிம் கழுவுதல்’ என்றே பெயர். கழுவுதல் என்பது உண்மையில் இறுதிக்கு முந்திய ஒரு படியேயாம். அதற்கு முன்னர் துலக்கல், நிறுத்தல், நிலைப்படுத்தல் என்னும் மூன்றும் நிகழ வேண்டும். எனினும் பொதுமக்கள் இட்ட பெயர் முற்றிலும் பொருந்தாததன்று. படங்கள் பழுதடைவதற்கான காரணத்தைத் தேடிச் செல்பவர் இறுதியில் நீரிடத்தே வந்து நிற்பதே பெரும்பான்மை.

படச்சுருளின் அமைப்பு எளிது. ஒளி ஊடுருவும் ஒரு தாளின்மேல், வெள்ளிப் புரோமைட்டின் நுண்பளிங்குகள் சிறிதளவு அயடைட்டுடன் கலந்து, செலற்றினிற் பதிக்கப்பட்டுள்ளன. அடித்தாள் முற்காலத்தில் எளிதிற் தீப்பற்றும் செலுலோசு நைத்திரேற்றாக இருந்தது; பின்னர் அசற்றேற்றாகவும், சில வகைகளிற் பொலியெசுத்தராகவும் மாறியது. பளிங்கொன்றின்மீது ஒளி விழும்போது அதில் ஒரு சில வெள்ளியணுக்கள் விடுபட்டு ஒரு புள்ளியாகத் திரள்கின்றன. கண்ணுக்குப் புலனாகாத இம்மாற்றமே ‘மறைபடம்’ எனப்படுவது. இதன் பொறிமுறையை 1938 ஆம் ஆண்டிற் கேணி, மொற் என்னும் பௌதிக விஞ்ஞானிகள் இருவர் விளக்கினர். துலக்கியின் பணி, இவ்வாறு தொடப்பட்ட பளிங்கை முழுவதும் வெள்ளியாக மாற்றுவதும், தொடப்படாததை விட்டுவிடுவதுமாம். வெப்பம் மிகும்போது துலக்கி இவ்வேறுபாட்டை மறந்து தொடப்படாத பளிங்கையும் தாக்கத் தலைப்படுகின்றது. அதன் விளைவே நெகற்றிவ் முழுவதும் படரும் சாம்பல் மூட்டம்.

இனி, படச்சுருளைத் தெரிவு செய்தல் பற்றி நோக்குவாம். முதலிற் கருதப்பட வேண்டியது நிறவுணர்ச்சியாகும். வெள்ளிப் புரோமைட்டு தன்னியல்பில் நீலத்தையும் ஊதாவையும் மாத்திரமே உணரும். சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராகப் பணிபுரிந்த லினேயசு திரைப் என்பார் 1858 இல் மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய இடங்களிற் பிடித்த படங்கள் இதற்கு நற்சான்று. தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சூழவுள்ள கல்வெட்டுக்களை அவர் 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, 19 அடிக்கு மேற்பட்ட ஒரே நீள்படமாக ஆக்கினார். கல்லின் ஒவ்வோர் எழுத்தும் தெளிவுறும் அத்தகைய திறமையாளருக்கும் வானம் மட்டும் வசப்படவில்லை. நீலத்தை மிகையாக உணரும் பூச்சில் வானம் வெறும் வெண்டாளாகவே பதியும். ஆதலின் நெகற்றிவின்மேல் வண்ணந் தீட்டி முகில்களை அவர் கையால் வரைந்து சேர்த்தார்.

1873 இல் எர்மன் வோகெல் என்னும் செருமானிய அறிஞர், சில சாயங்களைப் பூச்சிற் சேர்த்தால் அது பச்சை முதலிய நிறங்களையும் உணருமெனக் கண்டார். அதிலிருந்து பிறந்தது பச்சையை உணர்ந்து சிவப்பை உணராத ‘ஓதோகுறோமற்றிக்’ வகை. அதன்பின் எல்லா நிறங்களையும் உணரும் ‘பான்குறோமற்றிக்’ வகை. முன்னையதைச் சிவப்பு விளக்கின் ஒளியிலே கண்ணாற் பார்த்துத் துலக்கலாம். பின்னையதற்கு முழு இருள் வேண்டும்.

தமிழரின் முகங்களைப் படம்பிடிப்போர்க்கு இவ்வேறுபாடு இரசாயனப் பாடத்தோடு நின்றுவிடுவதில்லை. மாநிறத் தோலிலிருந்து வரும் ஒளியிற் செம்மையே மிகுதி. சிவப்பை உணராத பூச்சு அத்தோலை உள்ளவாற்றினும் கருமையாகக் காட்டும். உதடுகள் மைபூசியன போலாகும். நெற்றியிலுள்ள குங்குமப் பொட்டுக் கரும்பொட்டாகும். பழைய படங்களைப் பார்த்து, ‘எங்கள் அம்மம்மா இவ்வளவு கறுப்பா?’ என வியக்கும் பேரப்பிள்ளைகள் இக்குற்றத்தை அம்மம்மாவின்மேற் சுமத்தாது பூச்சின்மேற் சுமத்துவதே நீதி. பான்குறோமற்றிக் சுருளோ மஞ்சள் பூசிய முகத்தை அதன் இயல்பான ஒளியோடு பதிவு செய்யும். அதற்கும் ஒரு குறையுண்டு: சிவந்த குங்குமமும் மாநிறத் தோலும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகப் பதிவதால், பொட்டு இருந்த இடந் தெரியாது மறைந்துபோதல் கூடும். இளம்பச்சை வடியொன்றை வில்லையின் முன் இடின் பொட்டு மீளும். கடலும் முகிலும் வரும் காட்சிக்கு மஞ்சள் வடியே தக்கது. அது நீலத்தைக் குறைத்து, திரைப் கையால் வரைந்த முகில்களை இயற்கையாகவே பதியச் செய்யும்.

அடுத்தது வேகம். இன்று ஐ.எஸ்.ஓ. எண்ணாற் குறிக்கப்படும் இவ்வளவு 1974 வரை அமெரிக்காவில் ஏ.எஸ்.ஏ. எனவும் செருமனியில் தின் எனவும் வெவ்வேறாக வழங்கியது. எண் பெருகப் பளிங்கும் பருக்கும். மணித்தன்மை கண்ணுக்குத் தோன்றும். இன்று கிடைக்கும் சுருள்களில் இல்போட்டின் பான் எப் 50, எப்பீ 4 என்பது 125, எச்பீ 5 என்பது 400. கொடாக்கின் ட்றை எக்ஸ் 400. இவற்றுள் ட்றை எக்ஸ் சிறுசுருளாக 1954 இல் வெளிவந்தது. வெயிலுள்ள வெளியிடத்திற்கு நெடுங்காலமாக வழங்கும் விதி யாதெனின், துவாரத்தை 16 இல் நிறுத்தி, வேகவெண்ணின் தலைகீழை நொடியாகக் கொள்க என்பதாம். 125 எண்ணுடைய சுருளுக்கு நொடியின் 125 இல் ஒரு பங்கு. வெண்மணற் கடற்கரையில் துவாரத்தை 22 ஆகக் குறைத்தல் வேண்டும். 400 எண்ணுடையது கோயில் மண்டபத்துள்ளும் மாலைநேரச் சடங்கிலும் பெருந்துணை புரியும். நண்பகற் கடற்கரையிலோ, பழைய கமராக்களின் மூடிகள் அதற்கேற்ற விரைவை எட்டமாட்டா. இக்கரையோரத்துக்கு ஒரேயொரு சுருளைத் தெரிவுசெய்ய வேண்டுமாயின் 100க்கும் 125க்கும் இடைப்பட்டதே பொருத்தமானது. நம் நாட்டு வெயில் கடுமையானது. நிழல் அதனினும் கடுமையானது. வெளுத்த வேட்டியும் தென்னைமர நிழலும் ஒரே படத்தில் அமையும்போது, நிழலை அளந்து தாராளமாக ஒளி கொடுத்து, துலக்கும் நேரத்தைச் சிறிது குறைத்தலே நன்று. நிழலில் பதியாததைத் துலக்கி ஒருகாலும் உண்டாக்காது.

தமிழ்நாட்டிலேயே படச்சுருள் செய்த தொழிற்சாலையொன்று இருந்தது என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். இந்திய அரசினால் 1960 இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரான்சிய போசே நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையோடு, உதகமண்டலத்தில் 1967 இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. தூசற்ற காற்றும் குளிர்ந்த தட்பவெப்பமும் வேண்டியே நீலகிரி தெரியப்பட்டது. சமவெளியின் வெப்பத்தைப் படச்சுருள் எவ்வளவு அஞ்சியது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. ‘இந்து’ என்பது அச்சுருளின் பெயர். அச்சொல் திங்களையுங் குறிக்குமாதலால், வெள்ளியாற் செய்யும் பொருளுக்கு அப்பெயர் அழகாகவே அமைந்தது. அத்தொழிற்சாலை இப்பொழுது இயங்கவில்லை.

துலக்கிகளுள் தலையாயது 1920களின் பிற்பகுதியிற் கொடாக்கு ஆய்வுகூடத்தில் உருவான டி-76 ஆகும். இல்போட்டின் ஐடி-11 என்பதும் அதுவே. ஓர் இலீற்றர் நீரில் மெற்றோல் 2 கிராம், நீரற்ற சோடியஞ் சல்பைற்று 100 கிராம், ஐதரோகுயினோன் 5 கிராம், போராக்சு 2 கிராம் என்பது அதன் அளவு. மெற்றோலும் ஐதரோகுயினோனும் துலக்குவன. போராக்சு அவற்றுக்கு வேண்டிய காரத்தன்மையை ஊட்டும். சல்பைற்று, காற்றிலுள்ள ஒட்சிசன் துலக்கியைக் கெடுக்காது காக்கும். பொருள்களைக் கூறிய வரிசையிலேயே கரைத்தல் முறை. ஆயினும் சல்பைற்றில் ஒரு சிட்டிகையை மட்டும் மெற்றோலுக்கு முன் இடுதல் வழக்கம். சல்பைற்று, சல்பேற்று, தயோசல்பேற்று என்னும் மூன்று சோடியம் உப்புக்களும் இத்தொழிலில் வெவ்வேறிடங்களில் வருகின்றன. ஒன்று துலக்கியைக் காப்பது; மற்றொன்று செலற்றின் வீங்காது தடுப்பது; மூன்றாவது படத்தை நிலைப்படுத்துவது. ஒலியொப்புமையால் ஒன்றுக்கு மற்றொன்றை எடுத்துவிடும் மாணவர்க்கு வெற்றுச் சுருளே மிஞ்சும். புட்டிகளிற் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுதல் ஆய்வுகூடத்திற்கு மட்டும் உரிய ஒழுக்கமன்று.

வெப்பத்தை வெல்வதற்குப் பலரும் முதலில் நாடுவது பனிக்கட்டி. மீன்வாடிகள் உள்ள கரையில் அதற்குப் பஞ்சமில்லை. புட்டியைப் பனிக்கட்டி இட்ட தாழியில் நிறுத்தித் துலக்கியை 20 பாகைக்குக் கொணர்தல் எளிதே. இடர் அதன்பின் தோன்றுகின்றது. குளிர்ந்த துலக்கியிலிருந்து எடுத்த சுருளை 28 பாகையிலுள்ள கிணற்று நீரில் இட்டால், வீங்கி இளகிய செலற்றின் சடுதியான மாற்றத்தைத் தாங்காது சுருங்கி நெளிந்து, வறண்ட குளத்தின் அடிச்சேறுபோல் வெடிப்புக் கோலங்கொள்ளும். அக்கோலம் விழுந்த நெகற்றிவைத் திருத்த வழியேயில்லை. இன்றைய சுருள்கள் முன்னையவற்றினும் நன்கு கடினப்படுத்தப்பட்டவை; அவற்றில் இக்கேடு அருகியே நிகழும் என்பது உண்மையே. ஆயினும் கொள்கை மாறவில்லை. 20 பாகையில் ஒரு கரைசலும் 28 பாகையில் மூன்று கரைசலும் இருப்பதிலும் நான்கும் 28 பாகையில் இருப்பதே பாதுகாப்பானது. குளிர்மையிலும் ஒருமையே முதன்மையானது.

அவ்வாறாயின் 28 பாகையில் எவ்வளவு நேரந் துலக்குவது? வெப்பநிலை ஒரு பாகை உயர, நேரம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும் எனக் கொள்ளலாம். எச்பீ 5 சுருளுக்குக் கலவாத ஐடி-11 இல் 20 பாகையில் 7½ நிமிடம் விதிக்கப்பட்டுள்ளது. 28 பாகையில் அது 3 நிமிடத்தைச் சிறிதே கடக்கும். இவ்வளவு குறுகிய நேரத்தில் துலக்கியை ஊற்றும் வேகமும் வடிக்கும் வேகமுமே படத்தில் வரியாக விழுந்துவிடும். ஐந்து நிமிடத்துக்குக் குறைவான துலக்கலை நம்புதலாகாது. தீர்வு துலக்கியை நீர்த்தலிலே உள்ளது. ஒன்றுக்கு மூன்று பங்கு நீர் சேர்ப்பின் 20 பாகைக்குரிய நேரம் 20 நிமிடம். அதே கணக்கிற் 28 பாகைக்கு ஏறத்தாழ 8½ நிமிடம். குளிர்நாட்டாருக்குச் சலிப்பூட்டும் நீண்ட நேரம் நமக்கு அளவான நேரமாகிவிடுகின்றது. நீர்த்த துலக்கி வெளிச்சப் பகுதிகளில் விரைந்து வலுவிழப்பதால், வெளுத்த வேட்டியின் மடிப்புக்களுங் காக்கப்படும். இக்கணக்கு தொடக்கத்திற்கே உரியது. முதற்சுருளை மதிப்பற்ற காட்சிகளிற் செலவிட்டு நேரத்தைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும்.

பழைய சுருள்களுக்கும் மென்மையான பூச்சுடையவற்றுக்கும் மேலும் இரு காவல்கள் உள. இலீற்றருக்கு 50 முதல் 100 கிராம் வரை நீரற்ற சோடியஞ் சல்பேற்றைத் துலக்கியிற் கரைத்தால், கரைசலின் செறிவு காரணமாகச் செலற்றின் நீரை மிகுதியாக உறிஞ்சமாட்டாது; துலக்கலும் சற்றுத் தாமதிக்கும். துலக்கியபின், இலீற்றருக்குக் குரோம் படிகாரம் 30 கிராமும் சோடியஞ் சல்பேற்று 60 கிராமும் கொண்ட கரைசலில் மூன்று நிமிடம் ஆட்டி எடுத்தால் படலம் தோல் பதனிட்டாற்போல் இறுகும். இவ்வுவமை வெறும் அலங்காரமன்று. தோற்பதனிடலிற் குரோம் செய்வதும் இதுவே. இக்கரைசலை அன்றன்றே செய்து அன்றன்றே ஊற்றிவிட வேண்டும். துலக்கியின் காரம் அதிற் சேரின் பச்சைநிறப் படிவு தோன்றிச் சுருளிற் படியும்.

காலமும் கவனிக்கத்தக்கது. வைகாசி முதல் வீசும் கச்சான் காற்று வறண்டது. அப்பொழுது நிழலில் வைத்த மட்பானை நீர் ஆவியாதலாற் பல பாகை குளிரும். ஆனால் அதே காற்று கொணரும் மணற்றூசி, தொங்கவிட்ட ஈரச் சுருளிற் பதிந்து அடுத்துவரும் படமனைத்திலும் வெண்புள்ளியாகத் தங்கும். மாரிகாலத்திற் தூசி இல்லை. மட்பானையின் குளிர்ச்சியும் இல்லை. சுருள் உலரவே நெடுநேரமாகும். கச்சான் காலத்தில் இரவு நீர் தெளித்துத் தூசியடங்கிய சிறு குளியலறையில் உலர்த்துவதும், மாரிகாலத்திற் பகலிற் பூட்டிய அலுமாரிக்குள் சிறு மின்குமிழ் ஒன்றை எரியவிட்டு உலர்த்துவதும் எளிய வழிகளாம்.

நிலைப்படுத்தியாகிய சோடியந் தயோசல்பேற்று ‘ஐப்போ’ என்னும் பெயரால் எங்குந் தெரிந்தது. வெள்ளியுப்புக்களை அது கரைக்குமென்பதை யோன் ஏர்செல் 1819 இலேயே கண்டிருந்தார். ஒளிப்படக்கலை வெளிவந்தது 1839 இல். சுருளின் முனைத்துண்டொன்றை அதிலிட்டுப் பால்நிறம் மறையும் நேரத்தை எண்ணி, அதன் இருமடங்கு நேரம் நிலைப்படுத்துதல் வேண்டும். இதிற் சிக்கனம் பார்த்த நெகற்றிவ் சில ஆண்டுகளில் மஞ்சளித்துப்போம்.

கழுவுதலிற் கடற்கரை வாழ்வோர்க்கு ஒரு நற்பேறு உண்டு. ஐப்போவை வெளியேற்றுவதில் உப்புநீர் நன்னீரினும் விரைந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், நன்னீர் அரிதாகிய கப்பல்களில் இவ்வுண்மை பெரிதும் பயன்பட்டது. வடித்துத் தெளிவித்த கடல்நீரில் முதலிற் கழுவி, இறுதியிற் பலமுறை நன்னீர் மாற்றுவதால் கிணற்று நீர் பெரிதும் மிஞ்சும். நன்னீர்க் கழுவலைக் கைவிடின் எஞ்சும் உப்பே காற்றின் ஈரத்தை இழுத்துப் படத்தை அரிக்கும். துலக்கியைக் கரைப்பதற்கோ உவர்க்கிணற்று நீர் ஆகாது. அதிலுள்ள கல்சியம் சல்பைற்றோடு சேர்ந்து வெண்படிவாகும். கொதிக்கவைத்து ஆறவிட்ட மழைநீர் இதற்கு மிக உகந்தது.

இவ்வளவு கவனமும் எதற்கென வினவுவோர் இக்கரையோரத்தின் அண்மைக்கால வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டைக்குக் கறுப்பு வெள்ளைப் படமே நெடுங்காலம் வேண்டப்பட்டது. அதன்பொருட்டுப் பிடித்த ஒரு படத்தைத் தவிர வேறு படமேயில்லாது மறைந்த முதியோர் பல்லாயிரவர். 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி கூரைகளைப் பெயர்த்துப் பெட்டிகளை மழையில் நனைத்தது. 2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுந்த உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். உயிர் தப்பியோர் சேற்றிலே தேடியவற்றுள் படங்களும் இருந்தன. உப்புநீரிற் கிடந்த நெகற்றிவ் பிழைக்குமா, பிழையாதா என்பதை, எப்போதோ ஓர் இருட்டறையில் அதனைக் கடினப்படுத்திய மூன்று நிமிடமும், ஐப்போ போகக் கழுவிய அரைமணியும் பெரும்பாலும் முன்னரே முடிவுசெய்திருந்தன.

வெள்ளம் வராத வீட்டிலும் பகை உண்டு. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு அறுபதைக் கடந்தால் செலற்றினிற் பூஞ்சணம் பிடிக்கும். பொலித்தீன் பையிற் கட்டிவைத்தல் நன்மையிலும் தீமையே மிகுதியாகச் செய்யும். காகித உறையில் இட்டு, வறுத்து ஆறிய அரிசி முடிச்சொன்றுடன் இறுக மூடும் தகரப்பேணியில் வைத்து, அரிசியை இடையிடையே மீண்டும் வறுத்துக்கொள்வது கைக்கெட்டிய காவலாகும். சிலிக்கா செல் கிடைப்பின் இன்னும் நன்று.

நனைந்தவற்றை உடனே வெயிலிற் காயவைத்தல் எவருக்குந் தோன்றும் செயல், அதுவே பெருங்கேடு. ஒன்றன்மேலொன்றாய் ஒட்டிய ஈரப் படங்கள் அவ்வாறே காய்ந்தாற் கல்லாகிவிடும். அவற்றைக் குளிர்ந்த நன்னீரில் இட்டுத் தாமாகவே பிரியவிட்டு, பூச்சுப்பக்கம் மேலாக நிழலில் உலர்த்துதல் வேண்டும். இரு நாள்களுக்குள் இதனைச் செய்யாவிடிற் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டி உலர்ந்த படத்தைப் பெயர்க்க முயலாது, கண்ணாடியோடே வைத்து மீளப் படம்பிடித்தல் தக்கது. மீட்பதிலும் படச்சுருளின் தெரிவு முன்னிற்கின்றது. படத்தின்மேல் மஞ்சட் கறை படிந்திருப்பின், பான்குறோமற்றிக் சுருளும் மஞ்சள் வடியும் கொண்டு பிடித்தாற் கறை தாளின் வெண்மையோடு கலந்து மறையும். உருவமே மங்கி மஞ்சளித்திருப்பின் மஞ்சள் வடி எஞ்சியதையும் அழித்துவிடும். அப்போது வேண்டுவது நீல வடி, அல்லது திரைப் காலத்துப் பூச்சுப்போல நீலத்தை மட்டும் உணரும் சுருள். அதன் கண்ணுக்கு மஞ்சள் கருமையாகத் தோன்றுமாதலின், மங்கிய முகம் மீண்டும் தாளிலிருந்து எழுந்து வரும்.